காட்டை அளந்த கண்கள்: மலையகத்தில் தாவர, விலங்கு ஆய்வுமுறைகளின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

ஆய்வுமுறை பற்றிய பிரச்சினையைக் கருவிகள் பற்றிய பிரச்சினையாக மாத்திரம் நோக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. எதைக் காண வேண்டும், யாருடைய தேவைக்காகக் காண வேண்டும், கண்டதை எம்மொழியிற் பதிய வேண்டும் என்னும் வினாக்கள் பெரும்பாலும் கருவி கைக்கு வருமுன்னரே விடையிறுக்கப்பட்டுவிடுகின்றன. இலக்கிய ஆராய்ச்சியில் இவ்வுண்மையை நாம் ஓரளவு ஏற்றுக்கொண்டுள்ளோம். ஒரு பாடலை அது பிறந்த சமுதாயத்தினின்றும் பிரித்து ஆராய்தல் முழுமையான ஆய்வாகாது என்று கூறுவோர் இன்று பலர். ஆயின் இயற்கை விஞ்ஞானம் என்று வந்ததும், அங்கு அளவைகளும் எண்களுமே பேசுகின்றன, சமுதாயத்துக்கு அங்கு இடமில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறோம். இவ்வொதுங்கல் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை ஆராய மலையகத்தை விடப் பொருத்தமான களம் இலங்கையில் இல்லை எனலாம்.

நுவரெலியாவுக்கும் அற்றனுக்கும் இடையே, கொத்மலை ஓயாவின் கரையில் அமைந்தது தலவாக்கலை. சிங்கள மொழியில் 'தலாவ' என்பது புற்றரையையும் 'கெலே' என்பது காட்டையும் குறிக்கும் சொற்கள். இன்று அவ்வூரைச் சூழத் தேயிலையும், 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கமுமே கண்ணுக்குப் படுகின்றன. பெயரில் எஞ்சியிருக்கும் காட்டுக்கும் கண்முன் விரியும் தேயிலைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 180 ஆண்டுக் கால வரலாற்றில், இம்மலைகளின் தாவரங்களையும் விலங்குகளையும் காண்பதற்குப் பல முறைகள் கையாளப்பட்டன. நில அளவைச் சங்கிலி, வேட்டைத் துப்பாக்கி, உலர்தாவரத் தாள், நுணுக்குக்காட்டி, வான்புகைப்படம், செய்மதி, தானியங்கிக் கமரா என அவை வளர்ந்து வந்துள்ளன. இவ்வளர்ச்சியை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவ்வொவ்வொரு முறையும் எதைக் கண்டது, எதைக் காணாமல் விட்டது என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. துப்பாக்கியும் சங்கிலியும்

கரையோரத்தைக் கைப்பற்றிய நான்கே ஆண்டுகளில், 1800 இல், ஆங்கிலேயர் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். 1815 இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் அளவையாளர் மலைநாட்டினுட் புகுந்தனர். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரித்து நிலைநாட்டப்படாத காட்டு நிலமும் தரிசு நிலமும் முடிக்குரியன என்று கொண்டது. கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாக விறகு, மூலிகை, மேய்ச்சல், சேனைப் பயிர் ஆகியவற்றுக்குப் பயன்படுத்தி வந்த காடு இதன்மூலம் விற்பனைக்குரிய ஏக்கர்க் கணக்காயிற்று. எனவே, மலையகக் காடு பற்றிய தொடக்ககாலப் பதிவுகளுள் ஒன்று காணி விற்பனைக்கான அளவைப் படம் என்பது மனங்கொள்ளத்தக்கது. அப்படத்தில் மரங்களுக்குப் பெயரில்லை. எல்லைக் கல்லுக்கு மாத்திரமே இலக்கம் உண்டு.

விலங்குகளைப் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளுள் ஒன்றோ வேட்டைக்காரனின் எண்ணிக்கையாகும். மேஜர் ரோஜர்ஸ் என்னும் படையதிகாரி 1,400 க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845 இல் ஊவாவில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றமொன்றை அமைக்க முயன்ற சாமுவேல் பேக்கர், 1854 இலும் 1855 இலும் வெளியிட்ட இரு நூல்களிலும் தமது வேட்டை அனுபவங்களை விரிவாக எழுதினார். யானைகளைக் கொல்வோருக்கு அரசாங்கமே வெகுமதி வழங்கிய காலமது. நுவரெலியா மேட்டுநிலங்களிலும் ஹோட்டன் சமவெளியிலும் ஒருகாலத்தில் திரிந்த யானைகள் இன்று அங்கில்லை. அவை அங்கிருந்தன என்பதற்கு முக்கிய சான்றாக அவற்றைக் கொன்றோரின் குறிப்புகளே எஞ்சியுள்ளன. அழித்தவனின் ஏடே அழிந்ததன் ஆவணமாகும் முரண்பாடு காலனித்துவ வரலாற்றுக்குப் புதிதன்று.

காடு எவ்வாறு வீழ்த்தப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். மலைச்சரிவின் கீழிருந்து மேலாக ஒவ்வொரு மரத்தையும் பாதி வெட்டி நிறுத்தி, இறுதியில் உச்சியிலுள்ள பெருமரங்களைச் சாய்ப்பர். அவை விழும் வேகத்தில் கீழ்ச்சரிவு முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியும். பின்னர் தீயிடுவர். இவ்வெட்டு வேலையிற் பெரும்பகுதியைச் சிங்களக் கிராமத்தவர் ஒப்பந்த அடிப்படையிற் செய்தனர்; எரிந்த மண்ணிற் குழி தோண்டிக் கோப்பிக் கன்று நட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் வழியாகக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர். எந்த மரம் எத்திசையிற் சாயும், எச்சரிவில் நீர் ஊறும் என்பவற்றை இவ்விரு சாராரும் தம் உடலுழைப்பினாலேயே அறிந்திருந்தனர். அவ்வறிவு எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. 1878 அளவில் ஏறத்தாழ 275,000 ஏக்கர் கோப்பி பயிரிடப்பட்டிருந்தது என்று அறிகிறோம். அந்த ஏக்கர்களில் எத்தகைய மரங்கள் நின்றன என்பதை அத்தொகை சொல்லாது.

1873 இல், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜோசப் ஹூக்கர் தந்த ஆலோசனையின் பேரில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தல் தடைசெய்யப்பட்டது. இலங்கையின் காடு பேணல் வரலாற்றில் இது முக்கியமானதொரு கட்டம். ஆயினும் அதன் தருக்கத்தைக் கவனித்தல் வேண்டும். உச்சிக் காடு அழிந்தால் மழையும் நீரும் குன்றும். நீர் குன்றினால் கீழே தோட்டங்கள் வாடும். காடு பேணப்பட்டதற்குத் தோட்டத்தின் நலனே நியாயமாயிற்று. இன்று மலையுச்சிகளில் தொப்பி போன்று எஞ்சி நிற்கும் காடுகளுக்கு நாம் கடமைப்பட்டிருப்பது இம்முரண்பட்ட நியாயத்துக்கே.

2. கண்ணாடித் தகடும் கொழுந்துக் கூடையும்

பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821 இல் நிறுவப்பட்டது. 1849 முதல் 1880 வரை அதன் பொறுப்பிலிருந்த துவெயிற்ஸ், அவருக்குப் பின் 1896 வரை பணிப்பாளராயிருந்த ஹென்றி டிரைமன் ஆகியோரின் பெருந்தொகுதிகள் இலங்கைத் தாவரவியலின் அடிப்படை நூல்களாக இன்றும் மதிக்கப்படுகின்றன. செடியைச் சேகரித்தல், அழுத்தி உலர்த்துதல், பெயரும் இடமும் நாளும் குறித்தல், ஓவியமாகத் தீட்டுதல் என்பன இம்முறையின் படிகள். ஓவியங்களைத் தீட்டியோர் டீ அல்விஸ் குடும்பத்தைச் சேர்ந்த சிங்களக் கலைஞர்கள் என்பது நமக்குத் தெரிகிறது. காட்டுக்குள் வழிகாட்டியவர்கள், மரமேறிப் பூவும் காயும் பறித்து வந்தவர்கள் யார் என்பது தெரியவில்லை. ஒரு விஞ்ஞானத்தின் உற்பத்தியிற் பங்கு கொண்டோருள் சிலருக்கு மாத்திரமே பெயருண்டு என்னும் நிலை இங்கிருந்தே தொடங்குகிறது.

1869 இல் கோப்பிச் செடியிற் காணப்பட்ட இலைத்துரு நோய் இம்முறையின் எல்லையை உணர்த்தியது. உலர்தாவரத் தாளில் நோயின் பெயரைக் குறிக்கலாம். அது பரவும் விதத்தைக் காண இயலாது. 1880 இல் இலங்கை வந்த இளம் விஞ்ஞானியான மார்ஷல் வார்ட், பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களிற் காற்றோட்டத்தில் வைத்து, அவற்றில் ஒட்டிய நோய் வித்திகளை நுணுக்குக்காட்டியின் கீழ் எண்ணினார். கண்ணுக்குத் தெரியாததைக் களத்திலேயே பிடித்து அளந்த இவ்வெளிய முறை பயிர்நோயியல் வரலாற்றில் நினைவுகூரப்படுவது. வார்ட் கண்ட உண்மை அதனினும் பெரியது. காடு இடையறுக்காது, மலைக்குமேல் மலையாக ஒரே பயிரை நட்டமையே நோயின் பெருக்கத்துக்கு வழிவகுத்தது என்பதே அது. அவரிடம் தோட்ட முதலாளிகள் எதிர்பார்த்தது மருந்து; அவர் கண்டதோ உற்பத்தி முறையின் குறை. கோப்பி அழிந்தது. ஆனால் ஒற்றைப் பயிர் முறை அழியவில்லை. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அவ்விடத்தை நிரப்பியது.

தேயிலைக்கென ஓர் ஆராய்ச்சி நிறுவகம் 1925 இல் தோற்றுவிக்கப்பட்டுச் சில ஆண்டுகளில் தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. 2025 இல் அது நூறாண்டை நிறைவு செய்தது. கடல் மட்டத்திலிருந்து 1,382 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள இந்நிறுவகத்தின் பணிகளுள் ஒன்றை இங்கு எடுத்துக்காட்டுதல் பொருத்தமாகும். தேயிலையின் இளந்தளிர்களைச் சுருட்டி உள்ளிருந்து உண்ணும் புழுவைக் கட்டுப்படுத்த, 1935-36 இல் யாவாவிலிருந்து ஒருவகை ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவந்து விடப்பட்டது. அது இம்மலைகளில் நிலைத்து, அப்புழுவைப் பெருமளவு அடக்கிற்று. பிற்காலத்தில் தண்டு துளைக்கும் வண்டுக்கெதிராக டீல்டிரின் என்னும் நச்சு மருந்து தெளிக்கப்பட்டபோது, அக்குளவி மடிய, அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று. உயிர்களுக்கிடையிலான உறவைக் கருதாது ஒன்றை மாத்திரம் அழிக்க முற்படுவதன் விளைவை விளக்க இதனினும் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை.

இவ்வாய்வுகளின் களமுறை எத்தகையது? புழு எத்தனை, சுருண்ட தளிர் எத்தனை, கொப்புள நோய் கண்ட இலை எத்தனை என்று எண்ணுதலே. 1946 இல் இலங்கையிற் புகுந்த கொப்புள நோயின் பெருக்கமும் இவ்வாறே கணிக்கப்பட்டது. இத்தகைய கணிப்புக்கு ஒரே செடியை மீண்டும் மீண்டும் காணுதல் இன்றியமையாதது. தோட்டத்தில் அவ்வாறு காண்பவர் கொழுந்து பறிக்கும் பெண்தொழிலாளியே. ஏறத்தாழ வாரத்துக்கொரு முறை அவர் அதே நிரைக்குத் திரும்பி வருகிறார். மட்டக்கம்பை வைத்துப் பறிக்கும் அவரது விரல்களுக்கு, தளிரின் மென்மை குறைந்ததும் இலையிற் கொப்புளம் எழுந்ததும் முதலிற் தெரிகின்றன. மாலையில் அவர் கொணரும் கொழுந்து கிலோவாக நிறுக்கப்படுகிறது. அவர் கண்டது என்னவென்று கேட்பதற்குத் தராசில் இடமில்லை.

இவ்விடத்தில் நாட்டார் பாடல்களைப் பற்றி ஒரு குறிப்புச் சொல்லல் தகும். தலவாக்கலைப் பகுதியைச் சேர்ந்த சி. வி. வேலுப்பிள்ளை முதலானோர் தொகுத்த மலையகப் பாடல்களிற் கோப்பிக் காலமும், காட்டு வழியும், குளிரும், கங்காணியின் அதிகாரமும் பதிவாகியுள்ளன. அவற்றைத் தாவரவியல் ஆவணமாக அப்படியே ஏற்றுக்கொள்ளல் இயலாது. பாடலுக்கு உரிய மிகையும் மரபும் அவற்றில் உண்டு. ஆயினும் அளவைப் படமும் கம்பனிக் கணக்கும் விட்டுச் சென்ற இடைவெளியில், மலை மாறியதை அங்கு வாழ்ந்தோர் எவ்வாறு கண்டனர் என்பதற்கு அவையே சான்று. அதே வேலுப்பிள்ளை 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானார். அடுத்த ஆண்டே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிவு செய்த மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. நாட்டின் குடியாக எண்ணப்படாத ஒருவரின் சாட்சியம் விஞ்ஞானத்தின் சாட்சியமாக ஏற்கப்படும் என்று எதிர்பார்ப்பது கடினமே.

3. வானிலிருந்து தெரியும் பச்சை

1956 இல், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியுடன் இலங்கை முழுவதும் விமானத்திலிருந்து புகைப்படமெடுக்கப்பட்டது. அப்படங்களைக் கொண்டு காட்டு வளம் கணிக்கப்பட்டபோது தீவின் பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு காடெனக் கூறப்பட்டது. 1972 யூலையில் அமெரிக்கா ஏவிய முதலாவது லான்ட்சற் செய்மதி, ஏறக்குறைய 80 மீற்றர்ச் சதுரத்தை ஒரு புள்ளியாகக் கண்டது. 1980 களிற் செய்மதிப் படங்களின் துணையுடன் செய்யப்பட்ட கணிப்புகள் காட்டின் பங்கு நூற்றுக்கு 27 அளவிற்குச் சுருங்கியதைக் காட்டின. 2008 முதல் லான்ட்சற் படங்கள் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் 2015 இலும் 2017 இலும் ஏவிய இரு சென்ரினல் செய்மதிகள் 10 மீற்றர்ச் சதுரத்தை ஒரு புள்ளியாகக் கொண்டு, ஐந்து நாளுக்கொரு முறை ஒரே இடத்தைக் காணும் வசதியைத் தந்தன. ஒருகாலத்தில் அரசுகளும் படைத்துறைகளும் மாத்திரமே வைத்திருந்த பார்வை இன்று ஒரு பல்கலைக்கழக மாணவனுக்கும் கிட்டியுள்ளமை வரவேற்கத்தக்கது.

இம்முறையின் அடிப்படை எளியது. உயிருள்ள பச்சிலை செவ்வொளியை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியையோ மிகுதியாகத் தெறிக்கச் செய்கிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தாற் கிடைக்கும் எண் தாவரச் சுட்டெண் எனப்படும். அது ஒன்றை நெருங்கினால் தாவரம் செழித்தது. பூச்சியத்தை நெருங்கினால் நிலம் வெறுமையானது. வறட்சி, தீ, காடழிப்பு ஆகியவற்றைப் பரந்த நிலப்பரப்பிற் கண்டறிய இச்சுட்டெண் பெரிதும் உதவுகிறது.

ஆனால் மலையகத்தில் இச்சுட்டெண் சில விசேட இடர்ப்பாடுகளை எதிர்கொள்கிறது. முதலாவது, தேயிலையும் பச்சை, காடும் பச்சை. நிழல் மரங்களாகிய கிரவில்லியாவும் முள்முருங்கையும் இடையிடையே நிற்கும் தேயிலை மலை, சுட்டெண்ணிற் காட்டை ஒத்திருத்தல் கூடும். விறகுக்காக நடப்பட்ட யூகலிப்டஸ் தோப்போ, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் வரைவிலக்கணப்படி காடாகவே கணிக்கப்படுகிறது. அரை ஹெக்ரேயர் பரப்பு, ஐந்து மீற்றர் உயரம், நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட கவிகை என்பனவே அதற்கு வேண்டியவை. ஹோட்டன் சமவெளியில் வளரும் 'கீன' மரமும் தோட்டத்து யூகலிப்டசும் அவ்வரைவிலக்கணத்தின் முன் சமம். அச்சமவெளிக் காடுகளில் மரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்து மடிவது 1970 களிற் கவனத்துக்கு வந்தது. எவ்வின மரங்கள் மடிகின்றன என்பதைக் களத்தில் இறங்கி, சதுரக் கட்டங்கள் வகுத்து, மரம் மரமாக எண்ணியும் மண்ணையும் இலையையும் பகுத்துமே ஆராய வேண்டியிருந்தது.

இரண்டாவது, தோட்டத்தின் காலச் சுழற்சி. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கொரு முறை தேயிலை கவ்வாத்து வெட்டப்படுகிறது. பச்சை நிறைந்த மலை சில நாட்களில் வெறுந் தண்டுகளாகிவிடும். செய்மதி இதனைத் தாவர அழிவாகக் காணும். மாறாக, தோட்ட நிருவாகம் கைவிட்ட மலையிற் புதரும் களையும் மண்டும்போது சுட்டெண் உயரும். 2015 இற் களைநாசினியான கிளைபோசேற் தடைசெய்யப்பட்டபோது மலைகளிற் களை பெருகியதாகத் தோட்டத்துறை முறையிட்டது. 2018 இல் தேயிலைக்கு அத்தடை தளர்த்தப்பட்டது. ஆட்குறைவாலும் இலாப நோக்காலும் பராமரிக்கப்படாது விடப்படும் மலைகள் இன்னும் பல. தொழிலாளி அதனைக் 'காடாகிப் போன மலை' என்பார். அவருக்கு அது வேலைநாளின் இழப்பு. பாம்புக்கும் குளவிக்கும் அஞ்ச வேண்டிய நிரை. வரைபடத்திலோ அது கரும்பச்சை நிறத்தில் வளர்ச்சியாகத் தோன்றும். ஒரே மலையைப் பற்றிய இவ்விரு கூற்றுகளும் தத்தம் அளவில் உண்மையே. அவற்றை இணைத்துப் பார்க்காத ஆய்வு அரைகுறையானதாகும்.

மூன்றாவது, பார்வையின் நுண்மை. ஆங்கிலேயர் காலத்து லயன் அறை, அதாவது காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி. சென்ரினல் செய்மதியின் ஒரேயொரு புள்ளிக்குள் அத்தகைய ஒன்பது காம்பராக்கள் அடங்கிவிடும். ஒன்பது குடும்பங்கள் ஒரு நிறமாகிவிடும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் முகில் மூடிய மலையைச் செய்மதி வாரக்கணக்கிற் காணாதிருத்தலும் உண்டு. கொழுந்தெடுப்பவர் அம்மழையிலும் மலைக்குப் போகிறார். செய்மதி ஐந்து நாளுக்கொரு முறையும் அவர் ஏறத்தாழ ஏழு நாளுக்கொரு முறையும் அதே செடியிடம் திரும்பி வருவதை ஒப்புநோக்கினால், மலையகத்தில் இரு கண்காணிப்பு முறைகள் அருகருகே இயங்கி வருவதும், அவற்றுள் ஒன்று மாத்திரமே விஞ்ஞானமென்று பெயர் பெற்றிருப்பதும் புலனாகும்.

முகிலை ஊடுருவும் ராடர் செய்மதிகள் இன்று உண்டு. 2018 இல் விண்வெளி நிலையத்திற் பொருத்தப்பட்ட லேசர்க் கருவி மரக்கவிகையின் உயரத்தையே அளக்கிறது. இடுப்பளவுத் தேயிலையையும் பல மீற்றர் உயரக் காட்டையும் வேறுபடுத்த இது துணைசெய்யும். எனவே மேற்கூறிய குறைகள் சில காலப்போக்கில் நீங்கலாம். ஆனால் எக்கருவியாயினும் அது காட்டும் நிறத்துக்குப் பொருள் கூறத் தரைச்சான்று தேவை. 'இப்புள்ளி தேயிலை, இப்புள்ளி காடு, இப்புள்ளி கைவிட்ட மலை' என்று யாரோ ஒருவர் அங்கு நின்று சொன்னாலன்றிக் கணினிக்கு எதுவும் தெரியாது.

4. கமராவின் முன் சிறுத்தை, கமராவுக்கு வெளியே குளவி

இலங்கையின் காடுகளில் உணவுச் சங்கிலியின் உச்சியில் நிற்பது சிறுத்தை. 2008 முதல் அழியும் ஆபத்திலுள்ள துணையினமாகக் கணிக்கப்பட்டுவந்த இலங்கைச் சிறுத்தை, 2020 மதிப்பீட்டில் அதற்கு ஒருபடி குறைந்த இடர்நிலைக்கு மாற்றப்பட்டது. அம்மாற்றத்துக்கு அடிப்படையான அறிவிற் பெரும்பகுதி தானியங்கிக் கமராவினாற் கிடைத்ததாகும். விலங்கின் உடல்வெப்பத்தை உணர்ந்து தானே படமெடுக்கும் இக்கருவிகளைக் காட்டுத் தடத்தின் இருமருங்கும் எதிரெதிராக வைப்பர். சிறுத்தையின் இடப்புறப் புள்ளிக்கோலமும் வலப்புறக் கோலமும் வேறுவேறாதலின் இரண்டும் தேவை. மனிதரின் கைரேகை போன்று ஒவ்வொரு சிறுத்தையின் கோலமும் தனித்தன்மையுடையது. முதற்சுற்றிற் பதிவானவற்றுள் எத்தனை அடுத்த சுற்றிலும் பதிவாகின்றன என்பதைக் கொண்டு பதிவாகாதவற்றையும் சேர்த்துத் தொகையை மதிப்பிடலாம். 1990 களில் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் புலிகளுக்குக் கையாண்ட இம்முறை பின்னர் உலகெங்கும் பரவிற்று. மலையகத்தில் அஞ்சலி வற்சன், அன்ட்ரூ கிற்றில் ஆகியோர் பல ஆண்டுகளாகத் தோட்டப் பகுதிகளிற் செய்துவரும் ஆய்வுகள், சிறுத்தை காப்பரண்களுக்குள் மாத்திரம் வாழ்வதன்று, தேயிலைக்கிடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளையும் வழியாகவும் வாழிடமாகவும் கொள்கிறது என்பதை நிறுவியுள்ளன.

2019 ஒக்ரோபரில் மத்திய மலைநாட்டில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கமராவில் ஒரு கருஞ்சிறுத்தை பதிவாயிற்று. 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றிற் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தையொன்று சில நாட்களில் இறந்தது. நாடே துயருற்றது. அத்துயரம் நியாயமானது. ஆனால் சுருக்கு ஏன் அங்கிருந்தது என்னும் வினா அத்துயரத்தில் அமிழ்ந்துபோயிற்று. தோட்டங்களிற் சுருக்கு வைக்கப்படுவது பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காகவே. லயத்தின் பின்புறத்தில் ஒரு துண்டு மரக்கறிச் செய்கை, அதை ஒரே இரவிற் கிளறிவிடும் பன்றி, நாட்கூலி போதாத குடும்பத்துக்கு எப்போதாவது கிட்டும் இறைச்சி ஆகியன அக்கம்பியின் மறுமுனையில் உள்ளன. குற்றவாளியைத் தேடும் சட்டம் கம்பியை மாத்திரம் காணும். சிறுத்தையையும் சுருக்கு வைத்தவரையும் ஒரே பொருளாதாரத்தின் இரு பலிகளாக நோக்காதவரை சுருக்குகள் நீங்கா.

இன்னொரு விலங்கைப் பற்றிச் சொல்லாமல் இவ்வத்தியாயத்தை முடித்தல் இயலாது. மலையகத் தொழிலாளருக்கு அன்றாட ஆபத்தாயிருப்பது குளவியே. கொழுந்து பறிக்கும்போது நிழல் மரத்திலோ தேயிலைச் செடியின் அடியிலோ உள்ள கூடு கலைந்து, குளவி கொட்டி, கூட்டமாக வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்படும் தொழிலாளரைப் பற்றிய செய்திகள் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன, இறப்போரும் உளர். செய்திகளிற் 'குளவி' எனப்படுவதுள் மலைத்தேனீயும் அடங்கும். எக்காலத்தில், எவ்வுயரத்தில், எத்தகைய மரங்களிற் கூடுகள் மிகுகின்றன, கைவிட்ட மலைகளுக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பு யாது என்பவை எளிய களமுறைகளால் ஆராயத்தக்க வினாக்கள். சிறுத்தைக்குக் கிடைத்த கமராக்களிற் பத்திலொரு பங்கு செலவும் இதற்கு வேண்டியதில்லை. சிறுத்தைக்கு உல்லாசப் பயணத்திலும் தேயிலைப் பொதியின் விளம்பரத்திலும் விலையுண்டு. குளவிக்கோ அது கொட்டும் பெண்ணுக்கோ அத்தகைய விலையில்லை. ஆய்வுப் பொருளின் தெரிவில் வர்க்க நலன் செயற்படுவதை இதனினும் துலக்கமாகக் காட்டவியலாது. சிறுத்தை ஆய்வு வேண்டாமென்பதன்று நமது கருத்து. அதனோடு குளவிக்கும் இடம் வேண்டும் என்பதே.

5. வால்பாறை தரும் பாடம்

1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டோரிற் பலர் நீலகிரியிற் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு வேலையளிக்க 1968 இல் தமிழக வனத்துறையின் கீழ்த் தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976 இல் 'டேன்டீ' என்னும் அரசுக் கழகமாயிற்று. கூடலூர் முதலிய இடங்களில் மீண்டும் காட்டோரத்தில் தேயிலை நட்ட அம்மக்கள் யானையையும் சிறுத்தையையும் மீண்டும் எதிர்கொண்டனர். ஆகவே தமிழகத்துத் தோட்ட மலைகளில் நிகழும் ஆய்வுகள் நமக்கு அந்நியமானவையல்ல.

அவற்றுள் ஆனைமலையின் வால்பாறை சிறப்பாக நோக்கற்பாலது. தேயிலைத் தோட்டங்களுக்கிடையே யானைக் கூட்டங்கள் நடமாடும் அம்மேட்டுநிலத்தில், இயற்கை பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் தோழர்களும் யானைகளின் இருப்பிடத்தை நாள்தோறும் களத்தில் தொடர்ந்து குறித்தனர். இதுவரை சொன்ன முறைகளிலும் இது நடந்ததே. வேறுபாடு அடுத்த படியில் உள்ளது. கண்டறிந்த செய்தி அன்று மாலையே குறுஞ்செய்தியாகத் தொழிலாளரின் கைபேசிகளுக்குத் தமிழிற் சென்றது. உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடிற்று. கைபேசி அழைப்பினால் எரியும் சிவப்பு விளக்குகள் உயரமான இடங்களில் நிறுத்தப்பட்டு, அவற்றை இயக்கும் பொறுப்பு ஊரவரிடமே விடப்பட்டது. இருளில் வீடு திரும்புவோர் யானை அண்மையில் நிற்பதை அறிந்து வழிமாறினர். தகவலின் ஊற்றாயிருந்தவரே அதன் பயனாளியாகவும் ஆனார். முறையின் நுட்பம் பெரிதாக மாறவில்லை. அறிவு பாயும் திசை மாறிற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு பொதுப்போக்குப் புலப்படும். அளவைச் சங்கிலி காலந்தொட்டு இன்றைய செய்மதி வரை, மலையக இயற்கை பற்றிய அறிவு இருவகை உழைப்பினால் உற்பத்தியாகி வந்துள்ளது. ஒன்று கருவியோடு வருவோரின் உழைப்பு. மற்றையது அம்மலையில் நாள்தோறும் நடப்போரின் உழைப்பு. முன்னதற்கு நூலும் பெயரும் பட்டமும் உண்டு. பின்னது வழிகாட்டலாக, சுமைதூக்கலாக, தரைச்சான்றாக உறிஞ்சப்பட்டு மறைகிறது. கொழுந்தின் உபரி எவ்வழியாகச் செல்கிறதோ, அறிவின் உபரியும் அவ்வழியாகவே செல்கிறது எனலாம்.

இதனால் தொழிலாளரின் அறிவு மாத்திரமே மெய்யறிவு, கருவிகள் வேண்டா என்னும் முடிவுக்கு நாம் வரவில்லை. அது வெறும் புனைவியல் நோக்காகும். கொழுந்தெடுப்பவர் தம் மலையை அறிவார். அடுத்த பள்ளத்தாக்கில் காட்டுத் துண்டுகள் எவ்வாறு இணைகின்றன என்பதை வானிலிருந்தே காண முடியும். ஒருவரின் அச்சம் சிறுத்தைகளின் தொகையை மிகைப்படுத்தலாம். புள்ளிக்கோலம் அதனைத் திருத்தும். இரண்டு பார்வைகளும் ஒன்றையொன்று சரிபார்க்கும்போதே அறிவு முழுமை பெறும். அதற்கு நடைமுறையில் வேண்டியவை சில உள. தரைச்சான்று சேகரிப்பில் தொழிலாளர் கூலியோடும் பெயரோடும் பங்குபெற வேண்டும். ஆய்வின் முடிவு, எந்த மலையைப் பற்றியதோ அந்த மலைக்குத் தமிழிலும் சிங்களத்திலும் திரும்பி வர வேண்டும். குளவிக் கூடும் கைவிட்ட மலையும் ஆய்வுப் பொருள்களாக ஏற்கப்பட வேண்டும். தோட்டப் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகம் வரும் மாணவர் தொகை பெருகியிருக்கும் இக்காலத்தில் இவற்றைச் செய்யத்தக்கவர் நம்மிடையே உளர். தாயின் விரல் அறிந்ததையும் செய்மதி கண்டதையும் ஒரே வரைபடத்தில் எழுதும் வாய்ப்பு அவர்களுக்கே முதலில் கிட்டியிருக்கிறது. அதனைப் பயன்படுத்தும் பொறுப்பும் அவர்களுடையதே.